நெல் வயலுக்கு நீலப்பச்சைப் பாசி

நெல் வயலில் பாசி படர்ந்தால் அதை வாரி வரப்பில் எறிவதே விவசாயிகளின் வழக்கம். நூல் நூலாகச் சிக்கி, நட்ட நாற்றை அழுத்தும் பச்சைப் பாசிக்கு அது சரியே. கருநீலம் கலந்து, வழவழப்பாக ஆடை போல் மிதக்கும் நீலப்பச்சைப் பாசி வேறு ரகம். இது காற்றிலுள்ள தழைச்சத்தை இழுத்து வயலில் சேர்க்கிறது. எரு அதிகம் காணாத வயலிலும் நெல் ஓரளவு விளைவதற்கு இது ஒரு காரணம் என்பதை பி.கே.டே என்ற விஞ்ஞானி 1939-ல் ஆராய்ந்து வெளியிட்டார்.

பாசி நன்கு படர்ந்தால் ஏக்கருக்கு 8 முதல் 10 கிலோ தழைச்சத்து கிடைக்கும். இது ஏறத்தாழ 20 கிலோ யூரியாவுக்குச் சமம். அதற்கு மேல் யூரியாவைக் குறைத்தால் மகசூல் குறையும். பாசியை நம்பி மேலுரத்தை அடியோடு நிறுத்துவது தவறு.

இதை வீட்டிலேயே தயாரிக்கலாம். நல்ல வெயில் படும் இடத்தில் 6 அடி நீளம், 3 அடி அகலம், அரை அடி ஆழத்தில் பாத்தி வெட்டி, கிழியாத பாலிதீன் தாள் விரிக்க வேண்டும். வயல் மண் 10 கிலோவைப் பொடித்துப் பரப்பி, சூப்பர் பாஸ்பேட் 150 கிராம், சுண்ணாம்பு 30 கிராம் கலந்து, 3 அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்ட வேண்டும். மண் தெளிந்ததும் கால் கிலோ பாசி விதையைத் தூவ வேண்டும். விதையை வேளாண் ஆராய்ச்சி நிலையங்களில் விசாரித்து வாங்கலாம். தண்ணீர் சுண்டச் சுண்ட ஊற்றிவர, 10 முதல் 15 நாளில் பாசி திரண்டு மிதக்கும். பிறகு தண்ணீரை நிறுத்திக் காயவிட்டால் ஏடு ஏடாகப் பெயர்ந்து வரும். ஒரு பாத்தியில் ஒன்றரை முதல் 2 கிலோ கிடைக்கும்.

கொசுப்புழுவும் நத்தையும் பாசியைத் தின்றுவிடும். இதற்குக் கார்போபியூரான் குருணை இடுவது பழைய சிபாரிசு. அது கடும் விஷம். ஆடு மாடு வாய் வைக்கும் வீட்டுப் பக்கத்தில் வேண்டாம். வேப்பங்கொட்டைத் தூளைத் தூவி, நத்தையைக் கையால் பொறுக்கினால் போதும்.

மழைக்காலத்தில் பாசி சரியாகத் திரளாது. ஆகவே சம்பாவுக்கு வேண்டியதைக் கோடையிலேயே எடுத்து, உரமும் பூச்சிமருந்தும் அண்டாத இடத்தில் உலர்வாக வைக்க வேண்டும்.

நடவு செய்த 10-ம் நாள், ஏக்கருக்கு 4 கிலோ வீதம், வயலில் லேசாகத் தண்ணீர் நிறுத்தித் தூவ வேண்டும். பிறகு தண்ணீரை வடிக்கக் கூடாது. யூரியாவுடன் கலந்து தூவக் கூடாது. அடியுரமாக மணிச்சத்து இடாத வயலிலும், புளிப்பு நிலத்திலும் பாசி பிடிக்காது. புளிப்பு நிலத்துக்கு முதலில் சுண்ணாம்பு இட வேண்டும்.

முதல் போகத்திலேயே முழுப் பலன் தெரியவில்லை என்று பலர் கைவிட்டு விடுகிறார்கள். பாசி மக்கிய பிறகே அதன் சத்து பயிருக்குச் சேரும். தொடர்ந்து 3, 4 போகம் தூவினால்தான் அந்த மண்ணில் நிலைக்கும். ஏக்கருக்குப் போக மிஞ்சியதில் கால் கிலோவை அடுத்த பாத்திக்கு விதையாக எடுத்து வைக்கலாம். பச்சைப் பாசி கலந்துவிட்டால் மட்டும் புது விதை வாங்க வேண்டும்.