தொண்டையும் தோளும்

கேள்வி: ரக்பி லீக் ஆடியவர்களில் வர்ணனையாளராகவும் பெயர் வாங்கியவர் உண்டா?

பதில்: ரே பிரெஞ்ச் உண்டே! வட இங்கிலாந்தின் செயின்ட் ஹெலன்ஸ் ஊர்க்காரர். 1961இல் இங்கிலாந்துக்காக நான்கு யூனியன் ரக்பி ஆட்டங்கள் ஆடிய கையோடு, அதே ஆண்டு சொந்த ஊரின் லீக் அணிக்குத் தாவினார். அன்று அது சாதாரண முடிவல்ல. யூனியன் 15 பேர் ஆடும், காசு வாங்காத 'கனவான்கள்' ஆட்டம். 13 பேர் ஆடும் லீக்கில் சம்பளம் வாங்கியவரை அங்கே மறுபடி சேர்க்க மாட்டார்கள். 1995இல்தான் அந்தப் பிடிவாதம் தளர்ந்தது.

1966இல் லீக்கின் சேலஞ்ச் கோப்பை இறுதியில், வெம்ப்ளி மைதானத்தில், விகன் அணியை 21-2 என்று நொறுக்கிய செயின்ட் ஹெலன்ஸ் அணியில் அவர் இருந்தார். 1968 லீக் உலகக் கோப்பையில் பிரிட்டனுக்கும் ஆடினார். இத்தனைக்கும் மனிதர் பள்ளி ஆசிரியர்!

பிபிசியின் லீக் வர்ணனையில் அவருக்கு முன் இருந்தவர் எட்டி வேரிங். பத்திரிகைக்காரர், வேடிக்கைப் பேச்சுக்காரர். நாட்டுக்கே அவரைப் பிடித்தது. வட இங்கிலாந்தின் லீக் ரசிகர்கள் பலருக்கோ, தங்கள் ஆட்டத்தைக் கேலிப்பொருளாக்குகிறார் என்று கோபம். 1981இல் வேரிங் விலக, பிரெஞ்ச் வந்தார். இரு அணியினரும் தோள் கோத்து முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மில் தோள் கொடுத்தவருக்கு அங்கே நடப்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே. 2008 வரை பிபிசி தொலைக்காட்சியின் சேலஞ்ச் கோப்பை ஒளிபரப்புகளில் அவர் குரல் கேட்டது.

ஆஸ்திரேலியாவில் கேட்டால் பீட்டர் ஸ்டெர்லிங்கைச் சொல்வார்கள். 1980களில் பாரமட்டா அணியோடு நான்கு பட்டங்கள் வென்றவர். ஓய்வுக்குப் பிறகு சேனல் நைன் தொலைக்காட்சியில் நெடுங்காலம் ஆட்டத்தை அலசினார்.