ஊவா மலை ஏற்றத்துக்கு எந்த லொறி: பழைய என்ஜினா, புதிய என்ஜினா?

பதுளை, வெலிமடை, பண்டாரவளைப் பக்கங்களில் சொந்த லொறி வைத்துத் தொழில் செய்யும் சகோதரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "இருக்கிற பழைய கென்டரை விற்றுவிட்டு கம்பியூட்டர் என்ஜின் போட்ட லொறி ஒன்று எடுக்கலாமா?" 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு இந்தக் கேள்விக்கே இடமிருக்கவில்லை. கையில் இருந்ததைத் திருத்தித் திருத்தி ஓட்டினோம். 2025இன் தொடக்கத்தில் கதவு மீண்டும் திறக்கப்பட்டதும் கேள்வியும் திரும்பி வந்துவிட்டது.

முதலில் வித்தியாசத்தைப் புரிந்து கொள்வோம். பழையது என்று நாம் சொல்வது கென்டரின் 4டி32, 4டி33, இசுசு எல்ஃப்பின் 4ஜேபி1, 4எச்எஃப்1 போன்றவை. இவற்றில் டீசலை அளந்து அனுப்புவது மெக்கானிக்கல் பம்ப். பற்சக்கரமும் ஸ்பிரிங்கும்தான் அதன் மூளை. புதியது என்பது எல்ஃப்பின் 4ஜேஜே1, கென்டரின் 4பி10 போன்ற காமன் ரெயில் என்ஜின்கள். ஒரு பொதுக் குழாயில் டீசல் 1,600 பார் அளவிலோ அதற்கும் மேலான அழுத்தத்திலோ நிற்கும். எப்போது, எவ்வளவு தெளிக்க வேண்டும் என்பதைக் கம்பியூட்டர் தீர்மானிக்கும். 1995இல் ஜப்பானில் ஹினோ லொறியில் டென்சோ நிறுவனம் இந்த முறையை முதலில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஆகவே "புதியது" என்று நாம் பயப்படும் தொழில்நுட்பத்துக்கும் 30 வயதாகிவிட்டது.

ஜப்பானியர் ஒதுக்கிய பழைய லொறி தரம் குறைந்தது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். 2003 ஒக்டோபர் முதல் தோக்கியோவும் அதன் அயல் மாகாணங்கள் மூன்றும், புகைத் தரத்துக்கு உட்படாத டீசல் லொறிகளைத் தம் எல்லைக்குள் ஓட விடவில்லை. அங்கே குற்றமாகிப் போனது லொறியின் புகைதான், அதன் உழைப்பு அல்ல.

இனி நமது மலைக்கு வருவோம். வெல்லவாய கடல் மட்டத்திலிருந்து சுமார் 200 மீற்றர். ஹப்புத்தளை 1,400 மீற்றருக்கும் மேல். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும். டர்போ இல்லாத பழைய என்ஜினின் பம்புக்கு இது தெரியாது. கீழே ஊற்றிய அதே அளவு டீசலை மேலேயும் ஊற்றும். காற்று போதாததால் டீசல் முழுதாக எரியாமல் கரும்புகையாகப் போகிறது. பெரகலைச் சந்தியைத் தாண்டி மூன்றாம் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு இறங்கி முனகும் லொறிகளை நாம் தினமும் பார்க்கிறோம். பம்பை "கொஞ்சம் கூட்டி விடுங்கள்" என்று பாஸிடம் சொல்பவர்கள் புகையைத்தான் கூட்டிக் கொள்கிறார்கள். 2008 முதல் வருடந்தோறும் செய்ய வேண்டியுள்ள புகைப் பரிசோதனையிலும் அது காட்டிக் கொடுத்துவிடும். டர்போ உள்ள என்ஜின் இந்தக் குறையைப் பெருமளவு தானே ஈடு செய்து கொள்ளும். அதனால்தான் மெக்கானிக்கல் பம்பும் டர்போவும் சேர்ந்த 4டி34 போன்ற இடைக்கால என்ஜின் நல்ல நிலையில் கிடைத்தால், நம் பகுதிக்கு அதையே நான் முதலில் பார்ப்பேன்.

சரி, பணக் கணக்கு. எண்களை உங்கள் லொறிக்கு ஏற்ப மாற்றிக் கொள்ளுங்கள். முறை மட்டும் மாறாது. டீசல் லீற்றர் 300 ரூபா என்று வைத்துக் கொள்வோம். பழைய லொறி லீற்றருக்கு 6 கிலோமீற்றர், புதியது 7.5 கிலோமீற்றர் ஓடுகிறது. பழையதில் கிலோமீற்றருக்கு 50 ரூபா, புதியதில் 40 ரூபா. மிச்சம் 10 ரூபா. புதிய லொறிக்கு மேலதிகமாக 20 இலட்சம் கொடுக்கிறீர்கள் என்றால், அதை டீசலில் மீட்க 2 இலட்சம் கிலோமீற்றர் ஓட வேண்டும். வெலிமடை, கெப்பட்டிபொலயில் மரக்கறி ஏற்றி பேலியகொடைக்குப் போய் வந்து மாதம் 5,000 கிலோமீற்றர் ஓடுபவருக்கு இது 40 மாதம். பசறை, மடுல்சீமைத் தோட்டங்களுக்கு அரிசி, மா, பசளை கொண்டு போய் மாதம் 1,500 கிலோமீற்றர் மட்டும் ஓடுபவருக்கு 11 வருடங்களுக்கு மேல். அதற்குள் அந்த லொறியின் இன்ஜெக்டர்களுக்கும் வயதாகிவிடும்.

தோட்ட ஓட்டத்தில் வேறொரு சிக்கலும் உண்டு. பிந்திய ஜப்பான் லொறிகளின் சைலன்சரில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. அந்தக் கரியை எரித்துச் சுத்தம் செய்ய, உள்ளே சுமார் 600 பாகை வெப்பம் சிறிது நேரம் தொடர்ந்து இருக்க வேண்டும். கொழுந்து ஏற்றும் லொறி மடுவத்துக்கு மடுவம் நின்று நின்று போகிறது. எரிப்பு பாதியில் நின்றுவிடும். கரி அடைத்து, விளக்கு எரிந்து, கடைசியில் லொறி இழுக்காமல் போகும். கொழும்பு ஓட்டக்காரருக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. இந்த வடிகட்டி உள்ள லொறிக்கு சாம்பல் குறைந்த என்ஜின் ஒயில்தான் போட வேண்டும். சாதாரண ஒயிலின் சாம்பல் எரியாது, உள்ளேயே தங்கிவிடும்.

டீசலின் தரத்தையும் பாருங்கள். யூரோ 4 தரம் என்பது கந்தகம் 50 பிபிஎம்முக்கு மேற்படாத டீசல். நமது சுப்பர் டீசல் அந்த வகை. ஒட்டோ டீசலில் கந்தகம் அதிகம். புதிய என்ஜின் எடுத்துவிட்டு மலிவுக்காக ஒட்டோ டீசலே அடிப்பதாக இருந்தால், மேலே போட்ட கணக்கில் வடிகட்டிச் செலவையும் சேர்த்துக் கொள்ள வேண்டும். சுப்பர் டீசல் அடிப்பதாக இருந்தால் அந்த 10 ரூபா மிச்சம் சுருங்கிவிடும்.

திருத்தும் செலவில் பழையதற்கே வெற்றி. பம்பை ஊரிலேயே கழற்றலாம், சாமான் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும், ஒரு நொசில் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். காமன் ரெயிலுக்கு ஸ்கேன் மெஷின் உள்ள கராஜ் வேண்டும். லொறி நிற்கும் ஒவ்வொரு நாளும் ஹயர் போகிறது. ஒரே ஒரு லொறியை நம்பியிருப்பவருக்கு இது சிறிய விடயமல்ல.

வாங்கும்போது: என்ஜின் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் போய் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். ஒயில் மூடியைத் திறந்ததும் குபுகுபுவென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. நீலப் புகை ஒயில் எரிவது. காமன் ரெயிலானால் நான்கு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலை நான்கு போத்தலில் பிடித்து அளவு பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றில் மட்டும் அதிகமாக வந்தால் அந்த இன்ஜெக்டர் போய்விட்டது. மீற்றரை நம்ப வேண்டாம். விற்பவர் குறையை மறைப்பது மார்க்கத்தில் ஆகாது. மறைத்திருந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் (கியாருல் ஐப்) உண்டு. ஆனாலும் பார்த்து வாங்குவது நம் பொறுப்பு.

வட்டியில்லாமல் எடுக்க விரும்புபவர்கள் இஜாரா முறையில் போகிறார்கள். 2005ஆம் ஆண்டு வங்கிச் சட்டத் திருத்தத்தின் பின் இதற்கு வழி விரிந்தது. இஜாராவில் பொருளின் சொந்தக்காரர் நிதி நிறுவனமே. ஒயில், டயர், சர்விஸ் நம்முடையது. என்ஜினே போய்விட்டால் யார் பொறுப்பு? ஷரீஆவின் அடிப்படையில் அது சொந்தக்காரரின் பக்கம். ஒப்பந்தத்தில் அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கையொப்பமிட முன் கேளுங்கள். காமன் ரெயில் லொறிக்கு இந்த ஒரு வரி பல இலட்சம் பெறும்.

இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கியரில் இருந்து அக்ஸிலேட்டரை விட்டால், பழைய பம்பும் சரி, கம்பியூட்டரும் சரி, டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் என்ஜின் சும்மா ஓடுவதற்கு டீசல் குடிக்கிறது. மிச்சம் ஒன்றுமில்லை, பிரேக் மட்டும் சூடாகிறது.

2022இல் டீசல் 460 ரூபாவுக்கு ஏறிய நாட்களில் பலர் ட்ரம்மில் சேர்த்து வைத்து அடித்தார்கள். அதில் சேர்ந்த கொஞ்சத் தண்ணீரைப் பழைய பம்ப் ஓரளவு தாங்கும். காமன் ரெயில் பம்ப் தாங்காது. புதிய என்ஜின் எடுப்பவர்கள் வாரத்துக்கு ஒரு முறை ஃபில்டரின் அடியிலுள்ள தண்ணீரைத் திறந்து விடுங்கள். வெலிமடை, ஹப்புத்தளைக் குளிரில் பாதி டேங்குடன் இரவில் லொறியை நிறுத்தினால் உள்ளே ஈரம் படியும். காலையில் அல்ல, மாலையிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள்.