இழுக்காத வண்டிக்கெல்லாம் போர் வேலை வேண்டாம்

"வண்டி இழுக்கல, போர் போயிடுச்சு. இன்ஜினை இறக்கணும்." பழைய ஸ்பிளெண்டர் வைத்திருக்கும் பலர் என்றாவது ஒரு நாள் இதைக் கேட்டிருப்பார்கள். என் அப்பாவின் வண்டிக்கும் ஒரு பட்டறையில் இதையேதான் சொன்னார்கள். நம்பினோம். பிஸ்டன், ரிங் எல்லாம் புதிதாகப் போட்டும் மேம்பாலம் ஏறும்போது அதே கத்தல், அதே மந்தம். தேய்ந்திருந்தது கிளட்ச் பிளேட். இன்ஜினில் சக்தி இருந்தது, அது சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை. பால் கேன் கட்டி ஓட்டுகிறவருக்கு இப்படி ஒரு வீண் செலவு என்றால் மாதக் கணக்கே புரண்டுவிடும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினமில்லை. போர், அதாவது சிலிண்டரின் உட்சுவர், தேய்ந்த வண்டியில் சைலன்சரில் நீலப் புகை வரும், ஆயில் குறையும், இன்ஜினே சோர்ந்து சுற்றும். கிளட்ச் ஸ்லிப் ஆகும் வண்டியில் இன்ஜின் உற்சாகமாகச் சுற்றும், வண்டி மட்டும் பின்தங்கும். காலியான சாலையில் நாலாவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரை நன்றாக முறுக்குங்கள். ஸ்பிளெண்டரில் ஆர்.பி.எம். மீட்டர் கிடையாது, காதே போதும். சத்தம் சட்டென்று எகிறி, ஸ்பீடோ முள் சாவகாசமாகப் பின்னால் வந்தால் அது ஸ்லிப். பின்னால் ஆள் இருந்தால், ஏற்றமும் சேர்ந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறுவதற்குள், தேய்ந்த கிளட்ச் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்த நம்பிக்கைதான் அதிகம் கெடுப்பது: "ஸ்லிப் ஆனா கிளட்ச் ஒயரை டைட் வை." இது நேர்மாறான வைத்தியம். உள்ளே கார்க் பிளேட்டும் ஸ்டீல் பிளேட்டும் மாறிமாறி அடுக்கியிருக்க, ஸ்பிரிங்குகள் அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. நாம் லீவரை அழுத்தினால் அந்தப் பிடி தளரும். ஒயர் இறுக்கமாக இருந்தால், கை வைக்காதபோதும் லீவரைக் கொஞ்சம் அழுத்திக்கொண்டே ஓட்டுவதற்குச் சமம். பிளேட் தேயத் தேய லீவரில் உள்ள ஃப்ரீ பிளே தானாகவே குறைந்துகொண்டு வரும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. லீவர் நுனியை ஒரு விரலால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். கனம் தட்டுவதற்கு முன் 10 முதல் 20 மி.மீ. வரை லூசாக ஆட வேண்டும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பியும் பார்க்க வேண்டும். ஆட்டமே இல்லை என்றால் அட்ஜஸ்டரைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஸ்லிப் நின்றால், அன்றைக்குப் பிளேட் வாங்கும் செலவு இல்லை.

முதல் கியர் போட்டதும் லீவரைப் பிடித்திருக்கும்போதே வண்டி முன்னால் தாவுகிறது, நியூட்ரல் விழ மறுக்கிறது என்றால் அது வேறு கோளாறு. கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. ஒயர் மிகவும் லூசாக இருப்பதாலும் அப்படி ஆகும். அதற்கும் "பிளேட் போச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள்.

ஆயில் விஷயத்திலும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு: கார் ஆயில் விலை கூட, ஆகவே இன்ஜினுக்கு நல்லது. ஸ்பிளெண்டரில் கிளட்ச் பிளேட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே குளிக்கின்றன. பெட்ரோல் மிச்சம் பிடிப்பதற்காகச் சில கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும், கிளட்சோ அந்த உராய்வை நம்பித்தான் வேலை செய்கிறது. இதற்காகவே 1998-இல் ஜப்பானின் ஜாசோ அமைப்பு பைக் ஆயிலுக்கென ஒரு தர அளவையைக் கொண்டுவந்தது. கேனின் பின்பக்கம் ஜாசோ எம்.ஏ. என்று இருந்தால் கியர் வண்டிக்கு ஏற்றது. எம்.பி. என்றால் வழுக்கல் கூடியது, கியர் இல்லாத ஸ்கூட்டருக்கானது. (பழைய வார்ப்பிரும்பு புல்லட்டில் கிளட்சுக்குத் தனி அறை, தனி ஆயில். ஆர்எக்ஸ் 100-இல் அது கியர் ஆயிலில் இருக்கிறது.)

சரி, பிளேட் தேய்ந்தது உறுதி. "கார்க் பிளேட்டை மட்டும் மாத்தினா போதும்" என்பதும் தவறு, "மொத்த செட்டும் மாத்தணும்" என்பதும் தவறு. அளந்துதான் சொல்ல முடியும். ஆயிலை வடித்து, கிக்கரைக் கழற்றி, வலப்பக்க மூடியைத் திறந்ததும் தேய்ந்த பிளேட்டைக் கையில் எடுத்தால் பார்வைக்குப் பெரிய வித்தியாசமே தெரியாது. வெர்னியர்தான் சொல்லும். ஒரு பிளேட்டுக்கு 0.3 மி.மீ. தேய்ந்தால் நான்கு பிளேட்டுக்கு 1.2 மி.மீ. ஆகிறது, அவ்வளவு தூரம் ஸ்பிரிங்கின் பிடி தளர்ந்துவிடுகிறது. ஸ்பிரிங்குகளின் நீளத்தையும் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடிமேல் படுக்க வைத்து, அடியில் ஃபீலர் கேஜைச் செருகிப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். நீலம் பாய்ந்திருந்தால் அது சூட்டில் வெந்தது. பிறகு கிளட்ச் டிரம்மின் விரல்களில் நகத்தை ஓட்டுங்கள். பிளேட்டின் பற்கள் மோதி மோதி அங்கே பள்ளம் விழுந்திருந்தால், புதுப் பிளேட்டும் அதில் சிக்கி உதறும். லேசான தழும்பை அரத்தால் சமன் செய்யலாம், ஆழமானதற்கு டிரம்மையே மாற்றுவதுதான் வழி.

பழைய கார்க்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஏற்கெனவே குறைந்த கனம்தான் இன்னும் குறைகிறது. புதுப் பிளேட்டில் ஆயில் பட்டால் வழுக்கும் என்று பயந்து காய்ந்தபடியே பூட்டுகிறவர்களும் உண்டு. காய்ந்த பிளேட் தொடக்கத்திலேயே கருகிவிடலாம். வண்டிக்கு ஊற்றப்போகும் அதே ஆயிலில் முந்தின இரவே ஊற வைத்துவிடுங்கள். மூடி திறந்திருக்கும்போதே கிராங்க் முனையில் இருக்கும் ஆயில் ரோட்டரையும் திறந்து, உள்ளே படிந்த கரும்பசையை வழித்தெடுங்கள். ஸ்பிரிங் போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஒரே மூச்சில் முறுக்கினால் அலுமினியத் தூண் உடைந்து கையோடு வந்துவிடும். புதுப் பிளேட் படிய முதல் சில நூறு கிலோமீட்டர் ஆகும். அதன்பின் லீவரின் ஆட்டத்தை மறுபடி ஒரு முறை விரலால் இழுத்துப் பார்த்து, ஒயரைச் சரி செய்துகொள்ளுங்கள்.