கடலூர் முற்றுகை, 1783: வல்லரசுப் போர் பற்றிய ஐந்து நம்பிக்கைகளும் உண்மைகளும்

கடலூர் தேவனாம்பட்டினத்தில், கெடிலம் கடலில் கலக்கும் இடத்தருகே புனித டேவிட் கோட்டையின் எச்சங்கள் இருக்கின்றன. 1690இல் செஞ்சி மராட்டியரிடம் ஆங்கிலேயக் கம்பெனி வாங்கிய கோட்டை அது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்து இடித்தார். அதோடு கடலூருக்கு அமைதி வந்துவிடவில்லை. 1780இல் தொடங்கிய இரண்டாம் மைசூர்ப் போர் கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் மூன்றையும் போர்க்களமாக்கியது. உக்ரைன், மேற்கு ஆசியா என்று இன்றைய போர்களைப் பற்றி நாம் பேசும்போது சொல்லும் பல கருத்துகளை அந்த நான்கு ஆண்டுகளின் வரலாறு பொய்யாக்குகிறது.

நம்பிக்கை 1: வட்டாரப் போர்களை வல்லரசுகளே மூட்டிவிடுகின்றன, உள்ளூர் ஆட்சியாளர்கள் வெறும் பொம்மைகள்.

உண்மை: மைசூரை ஆண்ட ஹைதர் அலிக்குச் சொந்தக் கணக்கு இருந்தது. ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவ வேண்டும் என்று 1769இல் சென்னையில் கம்பெனி அவரோடு ஒப்பந்தம் செய்தது. மராட்டியர் மைசூர்மீது படையெடுத்தபோது கம்பெனி உதவிக்கு வரவில்லை. 1779இல் அவருக்குப் போர்த் தளவாடங்கள் வந்து இறங்கிய மாஹே துறைமுகத்தையும் ஆங்கிலேயர் பிடித்தனர். மராட்டியரோடும் நிஜாமோடும் உடன்பாடு கண்டு, 1780 ஜூலையில் ஹைதர் தமிழகப் பக்கமிருந்த கர்நாடகச் சீமைக்குள் இறங்கினார். பிரெஞ்சுப் படை பரங்கிப்பேட்டையில் கரையிறங்கியது 1782இல்தான். அமெரிக்காவை முன்னிட்டு 1778 முதல் பிரிட்டனும் பிரான்சும் மோதிக்கொண்டிருந்தது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. நெருப்பு முன்பே இருந்தது.

நம்பிக்கை 2: பெரிய படை வைத்திருப்பவரே வெல்வார்.

உண்மை: சோறு வரும் வழியைக் காத்தவர் வென்றார். 1781 தொடக்கத்தில் ஆங்கிலத் தளபதி அயர் கூட் கடலூரில் அரிசியின்றித் தவித்தார். தரைவழி ஹைதர் கையில். கடலிலோ தோர்வ் தலைமையில் பிரெஞ்சுக் கப்பல்கள். அந்தக் கப்பல்கள் கடலை மறித்து நின்றிருந்தால் கூட்டின் படை பட்டினியிலேயே பணிந்திருக்கும். ஹைதர் எவ்வளவு வற்புறுத்தியும் கேளாமல் பிப்ரவரியில் தோர்வ் மொரீஷியஸ் தீவுக்குத் திரும்பினார். கடல்வழி திறந்தது. ஜூனில் சிதம்பரம் கோயிலைத் தாக்கிய கூட் தோற்றுப் பின்வாங்கினார். மைசூர் வீரர்கள் அந்தக் கோயில் மதிலையே கோட்டையாக்கி வைத்திருந்தார்கள். ஆனால் ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில், தன் படையைவிடப் பல மடங்கு பெரிய ஹைதரின் படையை அதே கூட் வென்றார். 2022இல் கருங்கடல் வழியாகத் தானியம் போக ஐ.நா.வும் துருக்கியும் ஏன் அவ்வளவு பாடுபட்டன என்பது இந்தக் கதை தெரிந்தவர்களுக்கு எளிதில் விளங்கும்.

நம்பிக்கை 3: சமாதானம் கையெழுத்தானால் துப்பாக்கிகள் ஓய்ந்துவிடும்.

உண்மை: பிரிட்டனும் பிரான்சும் 1783 ஜனவரி 20 அன்று வெர்சாய் நகரில் முதற்கட்ட உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அந்தச் செய்தி கப்பலேறி இங்கே வந்து சேர ஐந்து மாதத்துக்கு மேல் ஆனது. அதற்குள், பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிருந்த கடலூரை ஆங்கிலேய ஜெனரல் ஸ்டூவர்ட் முற்றுகையிட்டார். உள்ளே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. ஜூன் 13 அன்று தரையில் கடும் சண்டை. ஜூன் 20 அன்று கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரெனின் 15 போர்க்கப்பல்களும் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஹியூஸின் 18 போர்க்கப்பல்களும் மோதின. எண்ணிக்கையில் கூடியிருந்த ஹியூஸ்தான் சென்னைக்குத் திரும்ப நேர்ந்தது. ஜூன் 25 அன்று ஊருக்குள்ளிருந்து பிரெஞ்சுக்காரர்கள் வெளியே பாய்ந்தார்கள். வங்காளச் சிப்பாய்கள் துப்பாக்கி ஈட்டியால் அவர்களை எதிர்கொண்டார்கள். ஜூன் மாதக் கடைசியில் வெள்ளைக்கொடிக் கப்பல் வந்த பிறகே போர் நின்றது. அமெரிக்க விடுதலைப் போர் 1781இல் யார்க்டவுனில் முடிந்ததாகப் பள்ளியில் படிக்கிறோம். அது கிளப்பிவிட்ட உலகப் போரின் கடைசிப் பெரிய மோதல் நடந்தது நம் கடலூரில். முடிந்துபோன போருக்காக இரு பக்கமும் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள்.

நம்பிக்கை 4: வல்லரசுக் கூட்டாளி கடைசிவரை உடன் நிற்பார்.

உண்மை: தன் சண்டை முடியும்வரைதான் நிற்பார். 1782 டிசம்பரில் ஹைதர் இறந்தபின், அவர் மகன் திப்பு சுல்தான் மேற்குக் கரைக்குப் போய் மங்களூரை முற்றுகையிட்டிருந்தார். ஐரோப்பியச் சமாதானச் செய்தி வந்ததும் அவரோடிருந்த பிரெஞ்சு வீரர்கள் விலகிக்கொண்டார்கள். திப்பு தனியே போரிட்டு, 1784 மார்ச் 11 அன்று மங்களூர் உடன்படிக்கையைக் கண்டார். களத்தில் நிற்பவரை விட்டுவிட்டுச் செய்யும் சமாதானம் நிலைக்காது என்பதற்கு நம் காலத்திலேயே சான்று உண்டு. 1987 ஜூலையில் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் செய்தன. அதில் விடுதலைப் புலிகள் கையெழுத்திடவில்லை. அக்டோபரில் இந்திய அமைதிப் படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டது.

நம்பிக்கை 5: உடன்படிக்கை பழைய ஒழுங்கை மீட்டுவிடும், பெரிய இழப்பு எதுவும் இராது.

உண்மை: வரைபடத்தில் பெரும்பாலானவை பழைய இடத்துக்குத் திரும்பின. புதுச்சேரி பிரெஞ்சுக்காரருக்கும், கடலூர் ஆங்கிலேயருக்கும், திருகோணமலை டச்சுக்காரருக்கும் போயின. நாகப்பட்டினம் மட்டும் டச்சுக்காரருக்குத் திரும்பவில்லை; ஆங்கிலேயரிடமே நின்றது. 1748 உடன்படிக்கையிலும் இதுவே வழக்கம்: வட அமெரிக்காவின் லூயிபூர்க் கோட்டை பிரான்சுக்கு, சென்னை பிரிட்டனுக்கு. அந்தந்த ஊர் மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஹைதரின் குதிரைப்படை எரித்த வயல்களையும், பஞ்சத்தில் மடிந்த உயிர்களையும் எந்த உடன்படிக்கையும் மீட்டுத் தரவில்லை. பட்டினியோடு சென்னைக்கு ஓடிவந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782இல் தொடங்கியதுதான் மணியக்காரர் சத்திரம்.

வட்டாரப் போர் வல்லரசுகளின் வலிமையை மட்டும் சோதிப்பதில்லை. அவை வகுத்த உலக ஒழுங்கு யாருக்காக என்பதையும் சோதிக்கிறது. 1783இல் அந்தச் சோதனையில் அது தோற்றது. இன்று ஐ.நா. சபை இருக்கிறது, செய்தி நொடியில் பறக்கிறது. ஆனாலும் போர் நடக்கும் மண்ணின் மக்கள் இல்லாமலே அவர்கள் ஊர்களைப் பங்கிடும் பேச்சு நிற்கவில்லை. எந்தப் போர்ச் செய்தியைப் படித்தாலும் யார் வென்றார் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த ஊர் கைமாறுகிறது, அந்த ஊர்க்காரரைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்தார்களா, அங்கே அடுப்பு எரிகிறதா என்றும் கேளுங்கள். இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் கடலூருக்காகவும் சிதம்பரத்துக்காகவும் அப்படிக் கேட்க ஆளில்லை.