வெயில்தான் வில்லன், நடை அல்ல

எனக்கு மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ். கொஞ்ச தூரம் நடந்தாலே கால் கனக்கிறது, பார்வை மங்குகிறது. நடப்பதையே விட்டுவிடலாமா?
- வாசகி, பெருமுக்கல்

விடாதீர்கள் அம்மா, நேரத்தை மட்டும் மாற்றுங்கள். உடற்பயிற்சிக்குப் பின் பார்வை மங்குவதை ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊட்டாஃப் 1890-லேயே எழுதிவைத்தார். அதற்குக் காரணம் உடற்சூடு என்பது பின்னால் தெரிந்தது. இந்த நோயில் உறை தேய்ந்த நரம்பில், சூடு அரை டிகிரி ஏறினாலே செய்தி தடுமாறும். உடல் குளிர்ந்ததும் சரியாகிவிடும். இதனால் நரம்புக்குப் புதிய சேதம் இல்லை. இது புரியாமல் பல பத்தாண்டுகள் நோயாளிகளை 'அசையாதே' என்று படுக்க வைத்ததுதான் கொடுமை.

'களைத்த உடம்பை இன்னும் களைக்க வைப்பதா?' என்பீர்கள். 1996-இல் வெளியான அமெரிக்காவின் யூட்டா ஆய்வில் வாரம் 3 முறை, 15 வாரம் பயிற்சி செய்த இந்நோயாளிகளுக்கு உடல்திறன் கூடியது. படுத்தே கிடந்தால்தான் தசை வற்றி, களைப்பு இரட்டிப்பாகும். கனடாவின் 2013 வழிகாட்டுதல், லேசான, மிதமான பாதிப்புள்ளவர்கள் வாரம் இருமுறை குறைந்தது 30 நிமிட ஏரோபிக் பயிற்சியும், வாரம் இருமுறை தசை வலுவூட்டும் பயிற்சியும் செய்யச் சொல்கிறது. அந்த 30 நிமிடத்தையும் பத்துப் பத்து நிமிடமாக, நடுவே உட்கார்ந்து முடிக்கலாம்.

உங்கள் ஊர்ப் பக்கம் வீசும் மரக்காணம் கடற்காற்றின் ஈரத்தில் வியர்வை எளிதில் உலராது, சூடும் இறங்காது. ஆகவே விடியுமுன், கழுத்தில் ஈரத்துண்டோடு, சமதரையில் நடங்கள். உங்கள் ஊர் மலைப்படி ஏறுவது இப்போதைக்கு வேண்டாம். ஓய்ந்த பிறகும் ஒரு நாளுக்கு மேல் பார்வை தெளியாவிட்டால், புதுச்சேரி ஜிப்மர் நரம்பியல் பிரிவுக்குப் போய்விடுங்கள்.