வாடகைக் கணக்குக்கு ஒரு ஒர்க்‌ஷீட்: கைக்கு வருவது எவ்வளவு, நம்முடையது எவ்வளவு?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி, "எக்செல் என்று ஒன்று இருக்கிறதே, அது வீட்டுக்கு எதற்குப் பயன்படும்?" என்பதுதான். மாடியிலோ பின்கட்டிலோ ஒரு போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா? அப்படியானால் இந்தப் பாடம் உங்களுக்கானது. எக்செல் இல்லாதவர்கள் லிபர்ஆபிஸ் கால்க் என்ற இலவச மென்பொருளை இன்டர்நெட்டிலிருந்து இறக்கிக் கொள்ளலாம். பாடம் இரண்டுக்கும் பொருந்தும்.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. தாம்பரத்துக்கு அருகே இருக்கும் எங்கள் வீட்டின் மேல் அப்பா 18 லட்ச ரூபாய் செலவில் மாடி கட்டினார். ஒரு பள்ளி ஆசிரியர் குடும்பம் 12,000 ரூபாய் வாடகைக்கு வந்தது. அட்வான்ஸ் 60,000. அந்தப் பணத்தில் அப்பா கேட்டும் கிரில்லும் போட்டார். 2022ஆம் வருடம் வாடகையில் 500 ரூபாய் கூட்டிக் கேட்டார். ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. வேறு வீடு பார்த்துக்கொண்டு, செப்டம்பர் கடைசியில் காலி செய்தார். புது வீட்டுக்காரருக்குக் கொடுக்க அவருக்கு அட்வான்ஸ் உடனே தேவைப்பட்டது. எங்களிடம் பணம் இல்லை. அம்மாவின் வளையலை அடகு வைத்துத்தான் கொடுத்தோம். அதன் பிறகுதான் நான் அப்பாவுக்கு இந்த ஒர்க்‌ஷீட்டைப் போட்டுக் கொடுத்தேன்.

ஒர்க்‌ஷீட் தயாரித்தல்

எக்செல்லைத் திறந்தால் கட்டம் கட்டமாகத் திரை தெரியும். ஒவ்வொரு கட்டமும் ஒரு செல். மேலே ஏ, பி, சி என்ற எழுத்துகளும், இடது பக்கம் 1, 2, 3 என்ற எண்களும் இருக்கும். பி வரிசையில் 2ஆவது கட்டத்தின் பெயர் பி2.

1. முதல் வரியில் ஏ1 முதல் ஜி1 வரை இந்தத் தலைப்புகளை அடியுங்கள்: மாதம், வர வேண்டியது, வந்தது, வந்த நாள், செலவு, செலவு விவரம், மிச்சம்.

2. ஏ2 முதல் ஏ13 வரை ஏப்ரலில் தொடங்கி மார்ச் வரை மாதங்களை அடியுங்கள். வருமான வரிக் கணக்கும் ஏப்ரலில்தான் தொடங்குகிறது என்பதால் இப்படி வைத்துக்கொள்வது வசதி.

3. ஜி2 செல்லைக் கிளிக் செய்து சமக் குறி (=) அடியுங்கள். பிறகு சி2 செல்லை மவுஸால் கிளிக் செய்து, கழித்தல் குறி (-) அடித்து, ஈ2 செல்லைக் கிளிக் செய்து, என்டர் தட்டுங்கள். வந்ததிலிருந்து செலவு போக மிச்சம் அந்தக் கட்டத்தில் தானாக வரும்.

4. மீண்டும் ஜி2 செல்லைக் கிளிக் செய்யுங்கள். அதன் கீழ் வலது மூலையில் ஒரு சிறு சதுரம் தெரியும். அதை மவுஸால் பிடித்து ஜி13 வரை இழுத்து விடுங்கள். பன்னிரண்டு மாதத்துக்கும் கணக்கு தயார்.

5. பி14 செல்லில் நின்று ஆட்டோசம் பொத்தானைக் கிளிக் செய்து என்டர் தட்டினால் மொத்தம் கிடைக்கும். கிரேக்க எழுத்தான சிக்மாவின் வடிவில் அந்தப் பொத்தான் இருக்கும். லிபர்ஆபிஸில் ஒரு சிறு பட்டியல் விரிந்தால் அதில் சம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். சி14, ஈ14, ஜி14 செல்களிலும் இதையே செய்யுங்கள்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

தொகையை 12000 என்று வெறும் எண்ணாக அடியுங்கள். "ரூ.12000" என்று அடித்தால் கம்ப்யூட்டர் அதை எழுத்து என்று நினைத்து, கூட்டலில் சேர்க்காமல் விட்டுவிடும். எண் என்றால் செல்லின் வலது பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து என்றால் இடது பக்கம் ஒட்டி நிற்கும். இதை வைத்தே தவறைக் கண்டுபிடிக்கலாம்.

செலவு இல்லாத மாதத்தில் கட்டத்தைக் காலியாக விடாமல் 0 அடியுங்கள். நடுவில் காலிக் கட்டம் இருந்தால் ஆட்டோசம் அதோடு நின்றுவிடக் கூடும். வந்த நாளுக்கு 5, 7 என்று எண் மட்டும் போதும். 5/4 என்று அடித்தால் சில கம்ப்யூட்டர்கள் அதை மே 4 என்று எடுத்துக்கொள்ளும்.

ஒரே மாதத்தில் இரண்டு செலவு வந்தால் =20000+2400 என்று ஒரே கட்டத்தில் அடிக்கலாம்.

எங்கள் வீட்டுக் கணக்கு

ஏப்ரலில் அரையாண்டுச் சொத்து வரி 2,400. ஜூனில் மோட்டார் ரிப்பேர் 6,500. அக்டோபரில் வீடு காலி. அந்த மாதம் பெயின்ட் 20,000, அடுத்த அரையாண்டு வரி 2,400. நவம்பரில் புதிதாகக் குடி வந்தவரைக் காட்டிய புரோக்கருக்கு 6,000. ஜனவரியில் பிளம்பிங் 2,700.

வர வேண்டியது 1,44,000. வந்தது 1,32,000. செலவு 40,000. மிச்சம் 92,000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் சுமார் 7,667. அப்பாவோ மாதம் 12,000 தன்னுடையது என்று நினைத்துச் செலவு செய்துகொண்டிருந்தார்.

இப்போது பி16 செல்லில் 1800000 என்று கட்டிய செலவை அடியுங்கள். பி17 செல்லில் சமக் குறி அடித்து, ஜி14 செல்லைக் கிளிக் செய்து, வகுத்தல் குறி (/) அடித்து, பி16 செல்லைக் கிளிக் செய்து, என்டர் தட்டுங்கள். பிறகு பி17 செல்லுக்குத் திரும்பி, மேலே இருக்கும் சதவீதப் (%) பொத்தானைக் கிளிக் செய்யுங்கள். நாங்கள் 8 சதவீதம் கிடைக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தோம். திரையில் வந்தது சுமார் 5.1 சதவீதம். இதில் நிலத்தின் விலையைச் சேர்க்கவே இல்லை. கடன் வாங்கி மாடி கட்ட நினைப்பவர்கள், வங்கி சொல்லும் வட்டி விகிதத்தை இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொரு விஷயமும் ஒர்க்‌ஷீட்டில் தெரிந்தது. ஆசிரியர் போனதால் எங்களுக்கு ஆன செலவு ஒரு மாத வாடகை 12,000, பெயின்ட் 20,000, புரோக்கர் 6,000, ஆக 38,000. 500 ரூபாய் கூட்டியிருந்தால் வருடத்துக்குக் கிடைத்திருப்பது 6,000. பெயின்ட் என்றைக்காவது அடிக்கத்தான் வேண்டும் என்று அதை விட்டுவிட்டாலும் மீதி 18,000. அதை ஈடுகட்டவே மூன்று வருடம் ஆகும். ஒழுங்காக வாடகை தரும் குடும்பத்தை இழப்பதற்கு என்ன விலை என்பது அப்பாவுக்கு அன்றுதான் புரிந்தது.

அட்வான்ஸுக்குத் தனி ஷீட்

திரையின் அடியில் இருக்கும் கூட்டல் குறியைக் கிளிக் செய்தால் இன்னொரு ஷீட் வரும். அதன் பெயர் மீது டபுள் கிளிக் செய்து "அட்வான்ஸ்" என்று மாற்றுங்கள். வாடகைதாரர் பெயர், வாங்கிய தேதி, தொகை, பணம் இருக்கும் இடம், கழித்தது, கழித்த காரணம், திருப்பிய தேதி ஆகியவை தலைப்புகள். இந்தத் தொகையை வாடகை ஷீட்டில் வரவாகக் காட்டவே கூடாது. அது பிறர் பணம். வங்கியில் தனியாகப் போட்டு வையுங்கள்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான கழிவு போகத் திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும்.

வரிக் கணக்கு

வருமான வரிக்கு நம் செலவுகளை ஒவ்வொன்றாகக் கழிக்க முடியாது. வந்த வாடகையில் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் நிலையான கழிவாகத் தருகிறார்கள். எங்கள் கணக்கில் 1,32,000ல் 4,800 போக 1,27,200. அதில் 30 சதவீதமான 38,160ஐக் கழித்தால் 89,040 ரூபாய். வீட்டுக் கடன் வட்டிக்கும் கழிவு உண்டு. அதன் வரம்பு நீங்கள் தேர்ந்தெடுக்கும் வரி முறையைப் பொறுத்தது என்பதால் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்திரம்

பைலை சேவ் செய்து, மாதம் ஒரு முறை பென் டிரைவிலும் காப்பி எடுத்து வையுங்கள். வாடகைதாரரின் ஆதார் நகல், போன் எண் போன்றவற்றை வீட்டில் எல்லோரும் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் திறந்தபடி வைக்காதீர்கள். எக்செல்லில் பைல், இன்ஃபோ, புரொடெக்ட் ஒர்க்புக், என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட் என்று வரிசையாகப் போனால் பைலுக்குப் பாஸ்வேர்ட் போடலாம். லிபர்ஆபிஸில் சேவ் ஆஸ் கொடுக்கும்போதே அந்த வசதி இருக்கிறது. பாஸ்வேர்டை மறந்தால் பைலைத் திறக்க முடியாது, எனவே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

அப்பா இப்போது வாடகை வந்ததும் 4,500 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டுவிடுகிறார். மீதியைத்தான் வருமானம் என்கிறார். அம்மாவின் வளையலையும் மீட்டாயிற்று. இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி, உங்கள் வீட்டின் சென்ற வருடக் கணக்கை அடித்துப் பாருங்கள். ஜி14 செல்லில் என்ன வருகிறது என்று பார்த்த பிறகு வாடகையைக் கூட்டுவதா வேண்டாமா என்று யோசியுங்கள்.