விளையாட்டரங்கம் வரைவோம்: ஓர் எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடம்

வட்டக்கோணப் பகுதி, வில்லின் நீளம், பிதாகரஸ் தேற்றம் ஆகியவற்றை எட்டாம் வகுப்பில் தனித்தனியாக நடத்துகிறோம். இவை எல்லாம் ஒரே வேலைக்குள் பயன்பட்டால் எப்படி இருக்கும் என்று பார்க்க, இந்த ஆண்டு ஒரு பல்நோக்கு விளையாட்டரங்கத்தைத் திட்டமிடும் பணியை மாணவர்களுக்குக் கொடுத்தேன். ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் சிறு விளையாட்டரங்கம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்திருப்பதை அவர்கள் கேள்விப்பட்டிருந்தார்கள். "நம் நூம்பல் பக்கத்தில் ஒன்று கட்டப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எங்கே கட்டலாம்? உள்ளே என்னென்ன வேண்டும்? சுற்றிலும் என்ன இருக்க வேண்டும்?" என்று கேட்டேன். ஆறு குழுக்கள், நான்கு பாடவேளைகள்.

முதல் நாள் வந்த படங்கள் எல்லாமே சேப்பாக்கம்தான். ஐம்பதாயிரம் இருக்கை, நான்கு பக்கமும் விளக்குக் கோபுரம், நடுவில் கிரிக்கெட், அதைச் சுற்றி ஓடுபாதை, ஓரத்தில் கால்பந்து. நான் எதையும் திருத்தவில்லை. மறுநாள் அளவுகளை மட்டும் கரும்பலகையில் எழுதினேன்.

தரப்படுத்தப்பட்ட 400 மீட்டர் ஓடுபாதையில் இரண்டு நேர்ப்பகுதிகள், ஒவ்வொன்றும் 84.39 மீ. இரண்டு முனைகளிலும் அரைவட்டங்கள், உள்விளிம்பின் ஆரம் 36.50 மீ. கூட்டிப் பார்த்த குழுக்களுக்கு 400 வரவில்லை. இரண்டு மீட்டருக்குச் சற்றே குறைவாக வந்தது. ஓடுபவர் விளிம்பின் மேல் ஓடமாட்டார், 30 செ.மீ. தள்ளித்தான் ஓடுவார், அந்தக் கோட்டில்தான் தூரத்தை அளக்கிறார்கள் என்று சொன்னதும் ஆரத்தை 36.80 ஆக்கிக்கொண்டார்கள். π-க்கு 3.1416 போட்ட குழுவுக்குச் சரியாக 400.00 மீ. வந்தது. 22/7 போட்டவர்களுக்கு 400.09 மீ. "ஒன்பது சென்டிமீட்டர்தானே மிஸ்" என்றான் ஒருவன். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42 விநாடியில் ஓடி, நூற்றில் ஒரு விநாடியில் வெண்கலத்தை இழந்தார். அந்த வேகத்தில் நூற்றில் ஒரு விநாடி என்பது எத்தனை தூரம்? வகுத்துப் பார்த்தார்கள்: ஏறக்குறைய 7 செ.மீ. அதன் பிறகு தோராயம் எங்கே போதும், எங்கே போதாது என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது தடத்தில் ஓடுபவரை ஏன் முன்னால் நிறுத்துகிறார்கள் என்பதும் இதே கணக்குதான். உடற்கல்வி ஆசிரியர் 'ஸ்டாகர்' என்பாரே, அது. தடத்தின் அகலம் 1.22 மீ. இரண்டாம் தடத்திலிருந்து வெளியே உள்ளவற்றை அவற்றின் உள்கோட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளி அளப்பார்கள். ஆரம் 37.92 ஆகிறது. 36.80-ஐக் கழித்து 2π ஆல் பெருக்கினால் 7.04 மீ. பல ஆண்டுகளாகச் சுண்ணாம்புக் கோடு போடும் எங்கள் உடற்கல்வி ஆசிரியர் வகுப்புக்கு வந்து இந்த விடையைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு அது மனப்பாடம். எங்கிருந்து வருகிறது என்பதை மாணவர்கள் அவருக்குச் சொன்னார்கள்.

அடுத்த கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. 105 மீ. நீளமும் 68 மீ. அகலமும் உள்ள கால்பந்துத் திடல் இந்த ஓடுபாதைக்குள் அடங்குமா? அகலம் சரி, உள்ளே 73 மீ. இருக்கிறது. நீளத்தில் திடல் நேர்ப்பகுதியைத் தாண்டி ஒவ்வொரு முனையிலும் 10.305 மீ. வளைவுக்குள் நுழைகிறது. மூலை இடிக்குமா? அரைவட்டத்தின் மையத்திலிருந்து மூலைக்குள்ள தூரம்தான் கர்ணம்; பக்கங்கள் 10.305, 34. விடை 35.53 மீ. ஆரம் 36.50. இடிக்கவில்லை, ஆனால் மிச்சம் ஒரு மீட்டருக்கும் குறைவு. பிதாகரஸ் தேற்றத்துக்கு ஏணியையும் சுவரையும் எத்தனை நாள்தான் வரைவது?

கிரிக்கெட் அடங்கவில்லை. சர்வதேசப் போட்டிக்கு ஆடுகளத்தின் மையத்திலிருந்து எல்லைக்கோடு குறைந்தது 59.43 மீ. தள்ளி இருக்க வேண்டும். இங்கே பக்கவாட்டில் 36.50 மீ.தான் உண்டு. பல்நோக்கு என்ற சொல்லின் விலை இந்த இடத்தில் தெரிகிறது. ஓடுபாதையை வைத்தால் கிரிக்கெட் போகும். கால்பந்து இருக்கும், ஆனால் பார்வையாளர் கோல் கம்பத்திலிருந்து வெகுதூரம் தள்ளிப்போவார்.

பெரியமேட்டில் இருக்கும் நேரு விளையாட்டரங்கத்தின் கதை இதற்கு நல்ல சான்று. அது கார்ப்பரேஷன் ஸ்டேடியமாக இருந்தபோது, 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிரான டெஸ்டில் வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நின்ற உலகச் சாதனை அது. 1993 இல் அதே இடத்தில் ஓடுபாதையும் கால்பந்துத் திடலும் கொண்ட புதிய அரங்கம் எழுந்தது. 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்கு அதுவே மைய அரங்கம். பின்னாளில் சென்னையின் எஃப்.சி. அணிக்குச் சொந்தத் திடல். டெஸ்ட் கிரிக்கெட் அங்கே திரும்பவில்லை.

அந்த அரங்கத்தின் சுற்றுப்புறமும் ஒரு பாடம். 1859-60 இல் சென்னை ஆளுநராக இருந்த சார்லஸ் ட்ரெவல்யனின் முயற்சியில் அங்கே குளங்களோடு உருவானது பீப்பிள்ஸ் பார்க். உயிரியல் பூங்காவும் அதற்குள்தான் இருந்தது; 1985 இல்தான் வண்டலூருக்குப் போனது. அதே ஆண்டு மூர் மார்க்கெட் எரிந்த பின் வியாபாரிகளுக்காக எழுந்த வளாகத்தின் பெயர் அல்லிக்குளம். குளம் இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இருக்கிறது, ஏரி இல்லை. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் சாலையும் அப்படித்தான்.

இதைச் சொல்லிவிட்டு மாணவர்களின் படங்களைத் திருப்பிக் கொடுத்தேன். ஆறில் நான்கு குழுக்கள் அரங்கத்தை ஏரியின் உள்வாயில் வைத்திருந்தன. "மிஸ், கோடையில சும்மாதானே கிடக்கு" என்பது அவர்களுடைய காரணம். வரைபடத்தில் வெள்ளையாகத் தெரியும் இடமெல்லாம் காலி இடம் என்று பெரியவர்களும் நினைப்பதுண்டு. குழந்தைகளைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. கணக்கையே கேட்டேன். அரங்கம், வாகன நிறுத்தம், கட்டடங்கள் எல்லாம் சேர்த்து 10 ஏக்கர். ஒரு நாளில் 10 செ.மீ. மழை. எவ்வளவு தண்ணீர்? 40,470 சதுர மீட்டரை 0.1 ஆல் பெருக்கினால் 4,047 கன மீட்டர், அதாவது 40 லட்சத்து 47 ஆயிரம் லிட்டர். எங்கள் தெருக்களில் வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியால் வகுக்கச் சொன்னேன். 337 லாரி. மண் தரையானால் ஒரு பங்கு உள்ளே இறங்கும். கான்கிரீட்டும் சின்தடிக் தளமும் ஏறக்குறைய முழுவதையும் வெளியே தள்ளும். யார் வீட்டுக்கு? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வீட்டுக்குள் தண்ணீர் வந்த மாணவர்கள் வகுப்பிலேயே இருந்தார்கள். ஒரு மாணவி தன் படத்தில் இருந்த அரங்கத்தை அழிப்பானால் துடைத்தாள். நான் சொல்லி அல்ல.

ஏரியில் கட்ட நினைத்தாலும் சட்டம் விடாது, அதற்குத் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் 2007 இருக்கிறது என்பதையும் சொன்னேன். ஆனால் 337 லாரிதான் அவர்களிடம் வேலை செய்தது.

மூன்றாம் நாள், வாசல்கள். 1971 இல் ஸ்காட்லாந்தின் ஐப்ராக்ஸ் அரங்கத்தில் ஆட்டம் முடிந்து வெளியேறிய கூட்டம் ஒரு படிக்கட்டில் நெரிந்து 66 பேர் இறந்தார்கள். அதன் பின் 1973 இலிருந்து பிரிட்டனில் அரங்கப் பாதுகாப்புக்கான வழிகாட்டி நூல் வெளிவருகிறது. சமதள வழியில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 82 பேர், எல்லோரும் வெளியேற அதிகபட்சம் 8 நிமிடம் என்பது அதன் கணக்கு. அப்படியானால் ஒரு மீட்டரில் 656 பேர். 3,000 பேர் அமரும் கேலரிக்கு 4.57 மீ. வேண்டும். ஐந்து மீட்டரில் ஒரே கேட் என்று வரைந்தார்கள். "அந்த கேட்டைத் திறக்க முடியாமல் போனால்?" என்றேன். இரண்டரை மீட்டரில் மூன்று கேட்டுகளாக மாறின. ஒன்று மூடிக்கிடந்தாலும் ஐந்து மீட்டர் மிஞ்சும்.

கேட்டுக்கு வெளியே? 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி அரங்கத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் இறந்ததை மாணவர்கள் தொலைக்காட்சியில் பார்த்திருந்தார்கள். நம் தெருவில் இருபுறமும் பைக் நிறுத்திய பின் நடக்க இரண்டு மீட்டர்தான் மிச்சம் என்றால் நிமிடத்துக்கு 164 பேர்தான் போக முடியும். 3,000 பேர் கலைய 18 நிமிடத்துக்கு மேல். நேரு அரங்கத்திலிருந்து சென்ட்ரலுக்கு நடந்தே போய் ரயில் பிடிக்கலாம். நூம்பலில் பேருந்தும் ஷேர் ஆட்டோவும்தான். ஆகவே அரங்கத்தின் அளவை இருக்கை அல்ல, வெளிச்சாலைதான் தீர்மானிக்கிறது என்ற முடிவுக்கு ஒரு குழு தானாகவே வந்தது. பாடத்திட்டத்தில் எந்தக் கற்றல் விளைவின் கீழ் இதை எழுதுவது என்று எனக்குப் புரியவில்லை, ஆனாலும் எழுதிவைத்தேன்.

சில விவரங்களை வேகமாகக் கடந்தோம். அரங்கத்தின் நீளவாட்டம் வடக்கு-தெற்காக இருந்தால் மாலை வெயில் ஆட்டக்காரர் கண்ணில் அடிக்காது. கேலரி மேற்கில் இருந்தால் பார்வையாளர் முதுகுக்குப் பின்னால் சூரியன். சாய்தளத்துக்கு 1:12 சரிவு, எனவே 60 செ.மீ. உயர மேடைக்கு 7.2 மீ. நீளம் வேண்டும். சக்கர நாற்காலியில் வரும் தோழன் உள்ள குழு இதை வகுப்பு முழுவதற்கும் அளந்து காட்டியது.

இடத்தைத் தேடியவர்களுக்கு ஒரு சிக்கல். எட்டுத் தடங்களோடு ஓடுபாதை மட்டுமே 176.91 மீ. நீளம், 92.52 மீ. அகலம், நான்கு ஏக்கர். மேடான, தண்ணீர் தேங்காத அத்தனை இடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் இறுதிப் படங்கள் சுருங்கின. ஒரு குழு ஓடுபாதையைக் கைவிட்டு, ஒரே ஏக்கரில் 18×9 மீ. கைப்பந்து, 13×10 மீ. கபடி, 27×16 மீ. கோ-கோ திடல்களை அடுக்கி, தாழ்ந்த மூலையில் ஒரு குட்டை வெட்டி, மழைநீரை அதற்குள் விட்டது. என் பார்வையில் ஆறிலும் சிறந்தது அதுதான். ஆண்டுக்கு ஒரு பெரிய போட்டியைவிட தினமும் மாலையில் அறுபது பேர் ஆடுவது எங்கள் ஊருக்குத் தேவை.

மாணவிகள் சேர்த்தவை வேறு: திடலிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் கழிப்பறை, பேருந்து நிறுத்தம் வரை விளக்கு, வாரத்தில் மூன்று நாள் அவர்களுக்கென்று நேரம். "சாவி யார்கிட்ட இருக்கும்?" என்று ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்வியையும் திட்ட அறிக்கையில் சேர்க்கச் சொன்னேன்.

செய்துபார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு: சார்ட் தாள், நூல், 1:500 அளவுத்திட்டம் போதும். 105 மீட்டர் திடல் 21 செ.மீ. ஆக வரும். நேரம் இருந்தால் முதல் வளைவைப் பள்ளித் திடலில் கயிறு கட்டிச் சுண்ணாம்பில் போட்டுப் பாருங்கள். செப்டம்பர் கடைசியில் தொடங்குவது நல்லது. வடகிழக்குப் பருவமழை வந்ததும், தாங்கள் தேர்ந்தெடுத்த இடத்தில் தண்ணீர் நிற்கிறதா என்று பள்ளிக்கு வரும் வழியில் பெரியவர்களோடு நின்று பார்த்து, எத்தனை நாள் நின்றது என்பதை வரைபடத்திலேயே தேதி போட்டுக் குறித்துவரச் சொல்லலாம்.